சந்தேகம் எழுந்தால் யார் என்ன செய்ய வேண்டும்?

போக்சோ சட்டம் குறித்த பயிற்சிகளில் கருத்தாளராகச் செல்லும்போது ஆசிரியர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "உறுதியாகத் தெரியாமல் எப்படிப் புகார் கொடுப்பது?" இந்தத் தயக்கம் இயல்பானது. ஆனால், உறுதி செய்வது நம் பணியன்று. அதற்கெனத் தனி அமைப்புகள் உள்ளன.

பள்ளி

குழந்தை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்க வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்கவும் வேண்டாம். கேட்டதைக் குழந்தையின் சொற்களிலேயே தேதி, நேரத்துடன் எழுதி வையுங்கள்.

அடுத்து, சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 19 இதை ஒவ்வொருவரின் கடமையாக்குகிறது. எனவே, தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. தகவலை மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் சிறைத்தண்டனை ஓராண்டு வரை நீளும். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வழிகாட்டுதலுக்கு 1098, 14417 ஆகிய எண்களை அழைக்கலாம்.

பள்ளியே விசாரணை நடத்தினால் குழந்தை அதே வேதனையைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல நேரும். குற்றம் சாட்டப்பட்டவர் முன்கூட்டியே உஷாராவார். "ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்ற அழுத்தமும் பெற்றோர் மீது விழும்.

காவல்துறை

தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறப்படும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி அதைப் பதிவு செய்வார்.

மருத்துவமனை

முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருப்பர்.

குழந்தைகள் நலக் குழு

ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுதான் குழந்தையின் பாதுகாப்பை முடிவு செய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசித்தால், குழந்தை அங்கேயே இருக்கலாமா என்பதை மூன்று நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை குழந்தைக்குத் துணைநிற்க ஓர் ஆதரவு நபரையும் நியமிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆலோசனைக்கும் பிற உதவிகளுக்கும் வழிசெய்யும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்ட உதவி தரும்.

மீண்டும் பள்ளி

வழக்கு நடக்கும் மாதங்களில் குழந்தையை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம்தான். அதன் பெயரோ அடையாளமோ ஆசிரியர் அறையில்கூடப் பேசப்படக் கூடாது. விசாரணைக்குச் சென்ற நாட்களில் விடுபட்ட பாடங்களைச் சொல்லிக் கொடுங்கள். வருகை குறைந்தால் காரணம் அறிந்து ஆதரவு நபரிடம் தெரிவியுங்கள். மற்ற பிள்ளைகளைப் போலவே அந்தக் குழந்தையையும் நடத்துங்கள்.

உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, பாதுகாப்பு அலகு, அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களை இந்த வாரமே ஆசிரியர் அறையில் ஒட்டி வையுங்கள். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.