புகையையே எரிக்கும் அடுப்பு!

கடுங் குளிர் ஊரில் கணப்பைக் காக்கும் கலை

அமெரிக்காவின் வடகோடியில் இருப்பது அலாஸ்கா மாநிலம். அங்கே பேர்பாங்க்ஸ் என்று ஒரு நகரம். மார்கழி, தை மாதங்களில் அங்கே அடிக்கும் குளிர் கொஞ்சநஞ்சம் அல்ல. சில நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கிவிடும். அந்த இடத்தில் பாரன்ஹீட் கணக்கும் சென்டிகிரேட் கணக்கும் ஒன்றே!

அந்தக் குளிரில் கணப்பு அணைந்தால் என்ன ஆகும்? குழாயில் தண்ணீர் உறையும். குழாய் வெடிக்கும். குழந்தைகள் விறைத்துப் போவார்கள். எண்ணெய்க் கணப்புக்குச் செலவு அதிகம். ஆகவே பல குடும்பங்கள் விறகை நம்பியிருக்கின்றன.

விறகு எரிந்தால் புகை வருமே! பேர்பாங்க்ஸ் மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த ஊர். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கும். அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று மூடி போட்டது போல் அமர்ந்துவிடும். புகை எங்கே போகும்? ஊரார் மூச்சிலேதான் கலக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளும், இருதய நோயுள்ள முதியவர்களும் அதனால் அதிகம் அவதிப்படுவார்கள். இந்த வட்டாரத்துக் காற்று அளவுக்கு மேல் கெட்டுவிட்டது என்று அமெரிக்க அரசாங்கமே 2009ல் அறிவித்தது.

குளிரிலும் சாகக் கூடாது. புகையிலும் வாடக் கூடாது. இதற்கு ஒரு வழிதான் 'கிரியா ஊக்கி' பொருத்திய கணப்பு அடுப்பு.

புகையும் விறகுதான்!

புகை என்பது என்ன? எரியாமல் தப்பி ஓடும் விறகுதான். அதைத் தானாக எரிய வைக்கச் சுமார் 1,000 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் சூடு வேண்டும். கிரியா ஊக்கி இருந்தால் சுமார் 500 டிகிரியே போதும்!

கிரியா ஊக்கி, தேன்கூடு போல் கண்கள் நிறைந்த ஒரு பீங்கான் கட்டி. பலேடியம், பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களை அதன் மேல் மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். கல்யாணத் தரகர் இரு வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டுத் தாம் விலகி நிற்கிறார் அல்லவா? அதுபோல் இது புகையையும் பிராணவாயுவையும் சேர்த்து வைக்கிறது. தான் எரிந்து போவதில்லை. அமெரிக்க மோட்டார் கார்களில் 1975 முதல் வந்ததும் இதே தத்துவந்தான்.

இத்தகைய அடுப்பு மணிக்கு 4.1 கிராமுக்கு மேல் புகைத் தூள் விடக் கூடாது என்று 1990ல் அமெரிக்காவில் விதி இருந்தது. 2020ல் அது 2 கிராமாகக் குறைந்தது. சாதாரண வீட்டு விறகை எரித்துச் சோதித்தால் 2½ கிராம்.

ஆனால், நல்ல அடுப்பை வாங்கினால் மட்டும் போதாது. அதை ஆளத் தெரிய வேண்டும். "அடுப்பு சரியில்லை" என்று குறை சொல்லும் வீடுகள் பலவற்றில், உண்மையில் குற்றவாளி விறகுதான்!

ஈர விறகு ஆகாது

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி செலவாகிவிடும். ஈர விறகோடு மல்லாடிக் கண் சிவந்த தாய்மார்களுக்கு இது தெரியாததல்ல.

வசந்த காலத்திலேயே மரத்தைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போக விட வேண்டும். கோடை முழுவதும் காய வேண்டும். ஓக் போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்கு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகும். ஈரம் 20 சதவிகிதத்துக்குக் குறைந்திருக்க வேண்டும். இதை அளக்கச் சிறு கருவி உண்டு. புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாந்து போவோம்.

அவசரம் கூடாது

இந்த அடுப்பில் புகைக்கு இரண்டு பாதைகள். ஒன்று நேரே புகைபோக்கிக்குப் போகும். மற்றது கிரியா ஊக்கியின் வழியே போகும்.

தீ மூட்டும்போது நேர்ப் பாதையைத் திறந்து வைக்க வேண்டும். காற்றுத் துவாரத்தையும் முழுக்கத் திறந்து நன்றாக எரிய விட வேண்டும். அடுப்பிலுள்ள வெப்பமானி சுமார் 500 டிகிரியைக் காட்டிய பிறகே நேர்ப் பாதையை அடைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே அடைத்தால் தேன்கூட்டுக் கண்களில் கரி அடைத்துக் கொள்ளும்.

சூடு நிலைத்ததும் காற்றைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். தீ மெதுவாக நின்று எரியும். இரவில் போட்ட விறகு விடியும் வரை கணப்பு தரும்.

மீண்டும் விறகு போடும்போதும் முதலில் நேர்ப் பாதையைத் திறந்து விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் புகை வீட்டுக்குள் வரும். பழுத்த சூட்டில் ஈரக் கட்டையைத் திணித்தால் பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

குப்பைத் தொட்டி அல்ல

வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக், மருந்து ஏற்றிய மரம், வர்ணக் காகிதம் எதையும் இதில் எரிக்கக் கூடாது. அவற்றின் நஞ்சு கிரியா ஊக்கியை முடமாக்கிவிடும்.

படிந்த சாம்பலை, அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். கதவின் ஓரக் கயிறு தேய்ந்தால் மாற்ற வேண்டும். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே கீல் போல் படியும் கரிப் பிசின் தீப்பற்றினால் வீடே போய்விடும்! நன்றாகப் பேணினாலும் கிரியா ஊக்கி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அப்போது புதிது போட வேண்டும்.

புகைபோக்கி சொல்லும் சேதி

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? வெளியே போய் அண்ணாந்து பார்த்தால் போதும். நீலமும் சாம்பலும் கலந்த புகை சுருண்டு வந்தால், விறகு வீணாகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையும் இருமுகிறது. வெறும் வெண்ணிற நீராவி மட்டும் எழும்பிக் கரைந்தால், வீட்டுத் தலைவி நிம்மதியாகக் கதவைச் சாத்திக் கொள்ளலாம்.

உள்ளே கணப்பு. வெளியே சுத்தமான காற்று. காய்ந்த விறகும் கொஞ்சம் பொறுமையுந்தான் அதற்கு விலை!