சூடாகாத மெஷினும் சூடான பில்லும்

மழைக்காலத்தில் மகள் வீட்டு உடுப்பு உலர்த்தும் மெஷின் சூடாகவில்லை. பார்க்க வந்தவர், "மோட்டர் போய்விட்டது, 45,000 ரூபா" என்றார். ஆனால் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டர் பழுதென்றால் டிரம் எப்படிச் சுற்றும்?

வேறொரு பாஸை அழைத்தோம். காற்றுக் குழாயில் பஞ்சுத்தூசி அடைத்து, சூடு கூடி, தேர்மல் ஃபியூஸ் எரிந்திருந்தது. பாகமும் கூலியும் 6,500 ரூபாவோடு முடிந்தது. அடைத்த தூசி தீயும் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் வடிகட்டியைத் துப்புரவாக்குங்கள்.

ஃபியூஸ், பெல்ட் சிறிய செலவு. மோட்டர் பெரிய செலவு. புதிய மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். பார்வைக் கூலி, பாகம், வேலைக் கூலி மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேளுங்கள்.

வியாபாரிகளான நாமும் அப்படியே பில் கொடுப்போம். முதலாமவர் இழந்தது ஒரு வேலையை மட்டுமல்ல, எங்கள் குடும்பத்தையே.