அடித்தால்தான் தெரியும்

தீப்பெட்டி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்களாம். பையன் வரும் வழியிலேயே ஒவ்வொரு குச்சியாகக் கிழித்துப் பார்த்துவிட்டு, "எல்லாக் குச்சியும் நல்லா எரியுதும்மா" என்று காலிப் பெட்டியை நீட்டினானாம். பழைய நகைச்சுவைதான். ஆனால் தோட்டா செய்யும் தொழிற்சாலைகளில் இந்தப் பையனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அங்கே ஒரு பொருள் இருக்கிறது. அது நல்லதா என்று அறிய ஒரே வழி, அதை வெடித்துப் பார்ப்பது. வெடித்த பிறகு அது இல்லை.

அந்தப் பொருளின் பெயர் பிரைமர். தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்தால் அடிப்பாகத்தின் நடுவில் வட்டமாக ஒரு சிறு உலோகத் துண்டு பதிந்திருக்கும், அதுதான். சிறிய வகையின் விட்டம் 4.45 மில்லிமீட்டர், பெரிய வகை 5.33. உள்ளே இருக்கும் வெடிகலவை சில பத்து மில்லிகிராம் மட்டுமே. துப்பாக்கியின் ஊசி வந்து குத்தியதும் மெல்லிய பித்தளைக் கிண்ணம் உள்வாங்குகிறது. கலவை, அன்வில் எனப்படும் சின்ன உலோகத் துண்டின்மேல் நசுங்கிப் பற்றிக்கொள்கிறது. சூடான வாயுவும் எரியும் துகள்களும் ஒரு சிறு துளை வழியாகத் தோட்டாக் கூட்டுக்குள் பாய்கின்றன. அங்கே இருக்கும் வெடிமருந்து எரிந்து குண்டைத் தள்ளுகிறது.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, குண்டைச் செருகுவார்கள். செலவு குறையும் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவை இழைத்து எடுக்கலாம் என்பதுதான் பெரிய ஈர்ப்பு. பிரைமரை வாங்கியே தீர வேண்டும். 2020 முதல் 2022 வரை அங்கே பிரைமருக்குக் கடும் தட்டுப்பாடு. வழக்கமான நிறுவனத்தின் பெட்டி கிடைக்காதவர்கள், கிடைத்ததை வாங்கினார்கள். உடனே பழைய கேள்வி மறுபடி கிளம்பியது: எது பலமானது?

ஒரே கேள்விபோலத் தோன்றினாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு மெல்ல அடித்தால் வெடிக்கும்? வெடித்தால் எவ்வளவு வேகமாகச் சீறும்? இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொட்டாலே வெடிப்பது மெதுவாகச் சீறலாம். ஓங்கி அடித்தால் மட்டும் வெடிப்பது சீற்றத்தில் பேயாக இருக்கலாம்.

முதல் கேள்விக்கான சோதனையைப் பார்த்தால் விளையாட்டுபோல இருக்கும். கூட்டில் பொருத்திய பிரைமர், அதன்மேல் ஓர் ஊசி, அந்த ஊசியின்மேல் விழும் எஃகு உருண்டை. அவ்வளவுதான். எந்த உயரத்திலிருந்து விட்டால் வெடிக்கிறது என்று பார்க்க வேண்டும். சிக்கல் இதுதான்: 5 அங்குலத்திலிருந்து விட்டோம், வெடித்தது. இதே பிரைமர் 4 அங்குலத்திலும் வெடித்திருக்குமா? அதைக் கேட்க ஆள் இல்லை, அது போய்விட்டது. வெடிக்கவில்லை என்றாலும் அதையே மறுபடி சோதிக்கக் கூடாது. ஏற்கெனவே ஓர் அடி வாங்கிக் கிண்ணம் உள்வாங்கிவிட்டது. அது இனிப் பழைய பிரைமர் அல்ல.

இரண்டாம் உலகப் போரின்போது பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டன் என்ற இடத்தில் இயங்கிய வெடிபொருள் ஆய்வகத்தில் இதற்கு ஓர் அழகான வழி பயன்பட்டது. முதல் மாதிரி வெடித்தால், அடுத்ததற்கு உயரத்தை ஒரு படி குறை. வெடிக்காவிட்டால் ஒரு படி ஏற்று. இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சோதனைகள் தாமாகவே ஓர் உயரத்தைச் சுற்றிக் குவியும்: பாதிக்குப் பாதி வெடிக்கும் உயரம். எத்தனை படி ஏறி இறங்கின என்பதிலிருந்து, பிரைமர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதையும் கணக்கிடலாம். அந்தக் கணக்கை டிக்சன், மூட் என்ற இருவர் 1948இல் முறைப்படி எழுதி வெளியிட்டார்கள்.

இந்த உத்தியை நீங்களும் அனுபவித்திருக்கக்கூடும். காது சோதனை செய்யும் அறையில் ஒலி கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்களே, அங்கேயும் இதன் உறவுக்கார முறைதான்: கேட்டால் 10 டெசிபெல் இறக்கு, கேட்காவிட்டால் 5 ஏற்று. புதிய வேதிப்பொருளின் நச்சுத்தன்மையை விலங்குகளில் சோதிக்கும்போதும் இதே ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி, பலியாகும் உயிர்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். வெடிமருந்து ஆய்வகத்திலிருந்து வந்த முறை எலிகளைக் காப்பாற்றுகிறது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலான செய்தி.

ஆனால் போர்முனையில் இருப்பவருக்குப் பாதிக்குப் பாதி உதவாது. ஒவ்வொரு தோட்டாவும் வெடிக்க வேண்டும். ஆகவே சராசரி உயரத்தோடு ஐந்து திட்ட விலக்கங்களை (அந்த மாறுபாட்டின் அளவு) கூட்டி, அந்த உயரத்தில் எல்லாம் வெடிக்கும் என்று கொள்கிறார்கள். இயல்நிலைப் பரவலின்படி, ஐந்து விலக்கத்துக்கு அப்பால் தப்பிப்பது 35 லட்சத்தில் ஒன்று. அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அதற்கே பல லட்சம் பிரைமர்களை வெடிக்க வேண்டும். நடுவை அளக்கிறார்கள், ஓரத்தை ஊகிக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்து ஓரமும் ஆபத்தானது. அமெரிக்க ராணுவத்தின் எம்-16 துப்பாக்கியில் ஊசியைப் பின்னே இழுத்துப்பிடிக்க ஸ்பிரிங் கிடையாது. அடுத்த தோட்டா உள்ளே ஏறிக் கதவு அறைந்து மூடும்போது, ஊசி தன் வேகத்திலேயே முன்னே ஓடிப் பிரைமரை லேசாகத் தட்டிவிடும். தட்டியதற்கே வெடிக்கும் பிரைமர் என்றால், விசையைத் தொடாமலே சுடும் துப்பாக்கி! 1960களின் தொடக்கத்தில் அந்த ஊசியின் எடையைக் குறைத்தார்கள். அந்தத் துப்பாக்கியின் 5.56 மி.மீ. தோட்டாவின் பிரைமருக்கான விதி, ஏறக்குறைய 112 கிராம் உருண்டை 12 அங்குலத்திலிருந்து விழுந்தால் வெடித்தாக வேண்டும், 3 அங்குலத்திலிருந்து விழுந்தால் வெடிக்கவே கூடாது என்கிறது. அந்த 9 அங்குல இடைவெளிக்குள்தான் பிரைமர் செய்பவரின் பிழைப்பு.

இரண்டாவது கேள்வி, சீற்றம். இதற்குப் பின்னால் 200 ஆண்டு வேதியியல் இருக்கிறது. 1800இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் வேட்டைப் பிரியர். சிக்கிமுக்கித் துப்பாக்கியின் தீப்பொறியைக் கண்டதும், குண்டு வந்து சேருமுன் பறவைகள் தப்பிவிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அடித்தாலே வெடிக்கும் கலவையைத் துப்பாக்கியில் புகுத்தி 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் பாதரசம் பித்தளைக் கூட்டை நொறுங்கச் செய்கிறது என்பது தெரிந்தது. பொட்டாசியம் குளோரேட் சேர்த்த கலவை எரிந்தபின் உப்பை விட்டுச் சென்றது; அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. 1920களின் இறுதியிலிருந்து ஈய ஸ்டைஃப்னேட் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது மூடிய அரங்குகளில் சுடுபவர்கள் ஈயத்தைச் சுவாசிக்கிறார்களே என்ற கவலையில் ஈயமில்லாப் பிரைமர்கள் வந்திருக்கின்றன.

இவற்றின் சீற்றத்தை ஏமி கோர்ட்னி, மைக்கேல் கோர்ட்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள் நேரடியாக அளந்தார்கள். மருந்தும் குண்டும் இல்லாமல் பிரைமரை மட்டும் துப்பாக்கிக்குள் வெடித்து, குழல்முனையில் அதிவேக அழுத்த உணரியை வைத்து, வந்து சேரும் அதிர்வலையைப் பதிவுசெய்தார்கள். ஈய ஸ்டைஃப்னேட் பிரைமர்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச அழுத்தத்தின் திட்ட விலக்கம் 5.2 முதல் 11.3 சதவீதம். ஒரே பெட்டி, ஒரே அச்சு, ஆனாலும் இவ்வளவு வேறுபாடு. ஈயமில்லா வகைகளில் அது 8.2 முதல் 25 சதவீதம் வரை போனது, அலையும் சிறியது. களத்தில் அவற்றில் சில தாமதமாகப் பற்றின, சில பற்றவே இல்லை.

சரி, அப்படியானால் பலமானதே நல்லதா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெரிய தோட்டா, கடுங்குளிர், எளிதில் பற்றாத பூச்சுள்ள உருண்டை மருந்து என்றால் பலமான பிரைமர் வேண்டும். அதற்காகத்தான் 'மேக்னம்' வகை. சிறிய தோட்டாவிலோ பிரைமரின் சீற்றமே, மருந்து சரியாகப் பற்றும் முன், குண்டை இடம்பெயர்த்துவிடும். மருந்தே போட மறந்த தோட்டாவில், பிரைமர் மட்டுமே குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சிக்கவைத்துவிடுவதுண்டு. .22 ஹார்னெட் என்ற சிறு தோட்டாவை நிரப்புபவர்கள் சிலர், வேண்டுமென்றே மென்மையான கைத்துப்பாக்கிப் பிரைமரைப் போடுகிறார்கள். பெட்டியில் உள்ள சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. வின்செஸ்டரின் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமர் பெட்டியில் சாதாரணத் தோட்டாவுக்கும் மேக்னம் தோட்டாவுக்கும் என்று இரண்டும் சேர்த்தே அச்சிட்டிருக்கும். அதனால்தான் பிரைமரை மாற்றினால் மருந்தைக் குறைத்து, மறுபடி படிப்படியாக ஏற்றிவர வேண்டும் என்கின்றன கையேடுகள். உச்ச அளவில் நிரப்பிய தோட்டாவில் பிரைமரை மட்டும் மாற்றுவது அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

துல்லியம் தேடுபவருக்கு வேண்டியது பலமல்ல, ஒரே சீர். அதை வீட்டில் அழுத்த உணரி இல்லாமல் எப்படி அறிவது? குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை முன்னால் வைத்து, பிரைமரை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துச் சுட்டு, எதில் வேகம் குறைவாகச் சிதறுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தப் பழக்கத்தில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்துச் சுட்டதில் திட்ட விலக்கம் வினாடிக்கு 10 அடி என்று வந்தால், உண்மையான விலக்கம் ஏறக்குறைய 7 முதல் 18 அடி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பிரைமருக்கு 9, இன்னொன்றுக்கு 12 என்று வந்ததும் முதலாவதைச் சிறந்தது என்பவர், பெரும்பாலும் தற்செயலைத்தான் ஒப்பிடுகிறார். ஒன்றைவிட மற்றொன்று 20 சதவீதம் கூடுதலாகச் சிதறுகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே, இரண்டிலும் 200க்கு மேல் சுட வேண்டும். பிரைமர்கள் நூறு நூறாகப் பெட்டியில் வருகின்றன. .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தோட்டாவில் சுடும் ஒவ்வொரு முறையும் 4 கிராமுக்கு மேல் மருந்து எரிகிறது. அத்தனை சுட்டு முடிப்பதற்குள் குழலின் உட்புறமும் தேயத் தொடங்கிவிடும்.

அதனால் தீவிரப் போட்டியாளர்கள் வேறு வழியில் போகிறார்கள். பெட்டியின் ஓரத்தில் அச்சிட்ட லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைப் பார்த்து, ஒரே லாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கிவைக்கிறார்கள். அது தீர்ந்ததும், அதே நிறுவனம், அதே பெயர் என்றாலும், புது லாட்டைப் புதுப் பிரைமராகவே எண்ணி, மருந்தின் அளவை முதலிலிருந்து தேடுகிறார்கள்.