சட்டம் பயில விரும்புவோரும் உயர்தரப் பாடத் தெரிவும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்தவுடன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விவாதம் எழுவது வழக்கம். பிள்ளைக்குச் சட்டத்தரணியாகும் விருப்பம் உண்டு. உயர்தரத்தில் எப்பாடங்களை எடுத்தல் வேண்டும்? கலைப்பிரிவிற் சேர்ந்தாலன்றிச் சட்டம் கிட்டாது என்பர் சிலர். விஞ்ஞானம் எடுத்த பிள்ளைக்கு அவ்வழி அடைபட்டுவிட்டது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் தவறான எண்ணங்களே. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களிற் சட்டமாணிப் பட்டநெறி உண்டு. கலை, வர்த்தகம், விஞ்ஞானம் என எப்பிரிவிற் பயின்றவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

அப்படியாயின் எப்பாடத்தையும் எடுக்கலாமா என்ற வினா எழும். இங்கேதான் பெற்றார் ஒரு கணக்கை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பல்கலைக்கழக அனுமதி 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு பாடத்திலே மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்திற்குத் தோற்றிய யாவரினதும் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு அவற்றின் சராசரியை எடுப்பர். ஒரு பாடத்தின் சராசரி 62, நியம விலகல் 16 எனக் கொள்வோம். அதில் 78 பெற்றவருக்குக் கிடைப்பது 1. மற்றொரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 10. அதில் 65 பெற்றவருக்குக் கிடைப்பதோ 2. "இலேசான பாடம்" என்று எல்லாரும் ஓடிச்சென்று எடுக்கும் பாடம் அத்துணை இலாபம் தருவதில்லை என்பதன் காரணம் இதுவே. வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் வேறுபடும் என்பதையும் மறத்தலாகாது.

இக்கணக்கே ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியோரை ஒன்றுசேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012இல் உயர்நீதிமன்றம் செல்லுபடியற்றனவாக்கியது. சட்டம் எதற்குப் பயன்படும் என்று வினவும் மாணவருக்கு இதனினும் அணித்தான விடை வேண்டுவதில்லை.

இனி, அனுமதிக்கு அப்பால், படிப்பிற்கு உதவும் பாடங்கள் எவை? அளவையியலைத்தான் முதலிற் கூறல் வேண்டும். எடுகூற்றுக்களிலிருந்து முடிவு பெறப்படுமா, அன்றி முடிவுபோலத் தோற்றமளிக்கின்றதா என்று பிரித்தறியும் பயிற்சி நீதிமன்றத் தீர்ப்புக்களைப் படிப்போருக்கு நாடோறும் வேண்டியது. அரசியலமைப்புச் சட்டத்திற்கு அரசறிவியல் அடிகோலும். வரலாறு பயின்றவருக்கு, ஒல்லாந்தரோடு வந்த உரோம-டச்சுச் சட்டமும், பின்னர் புகுந்த ஆங்கிலச் சட்டமும், 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும் ஒரே நாட்டில் அருகருகே வழங்குவது வியப்பளிக்காது. கணக்கீடு கம்பனிச் சட்டத்திற்கு உதவும். எனினும், அளவையியல் கற்பிக்க ஆசிரியர் இல்லாத கிராமப் பாடசாலையில் அப்பாடத்தை வலிந்து எடுத்துத் தனியே தத்தளிப்பதைவிட, நல்லாசிரியர் உள்ள புவியியலையோ இந்து நாகரிகத்தையோ எடுத்து உயர்ந்த பெறுபேறு காண்பதே அறிவுடைமை.

உண்மையான இடர் பாடத்தெரிவிலன்று, ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. தீர்ப்பறிக்கைகளும் பாடநூல்களும் பெரும்பாலும் அம்மொழியிலேயே உள்ளன. தமிழ்மொழி மூலம் சிறந்த பெறுபேறு பெற்று நுழையும் பிள்ளை, முதலாம் ஆண்டிலே ஒரு தீர்ப்பின் பொருள் விளங்காது நள்ளிரவுவரை அகராதியோடு போராடுவதுண்டு. பொது ஆங்கிலம் இசட் புள்ளியிற் சேராது என்பதால் அதனைக் கைவிடும் வழக்கம் பாடசாலைகளிலே வேரூன்றிவிட்டது. சட்டத்தை நாடும் பிள்ளைக்கு இது பெருங்கேடு. இரண்டாண்டு உயர்தர வகுப்புக் காலத்தில் நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் ஆங்கிலம் வாசித்துச் சுருக்கி எழுதுதல் வேண்டும்.

வெட்டுப்புள்ளியை எட்டாதோருக்கும் வழியுண்டு. 1874இல் தோன்றிய இலங்கைச் சட்டக் கல்லூரி தனது நுழைவுப் பரீட்சை வாயிலாக மாணவரைச் சேர்க்கின்றது. அதன் பரீட்சைகளை ஆங்கிலத்திலே மட்டும் நடத்துவதற்கான விதிகளைப் பாராளுமன்றம் 2023இல் நிராகரித்தது. திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டமாணிப் பட்டநெறி உண்டு.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புகையில் ஒரு விடயத்திற் கவனம் வேண்டும். பாடநெறிகள் மாணவர் குறித்த விருப்பு வரிசைப்படியே வழங்கப்படும். சட்டத்தை மூன்றாவதாக இட்டு, முதலாவதாக இட்ட நெறி கிடைத்துவிட்டால், சட்டத்திற்குப் போதிய புள்ளி இருந்தாலும் அவ்விடம் வேறொருவருக்கே போகும்.