சாளரத் தோற்றமும் மென்பொருள் தேர்வும்

தொண்டை நாட்டின் தொன்மை வாய்ந்த ஊர்களுள் உத்திரமேரூர் ஒன்று. இக்காலத்தில் அது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்து விளங்குகின்றது. ஆங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றுள் பிந்தியது கி.பி. 921ஆம் ஆண்டினது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் முறையை அது விரித்துரைக்கின்றது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். அகவை 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். இவ்வாறு தகுதியைக் கூறிய பின், இன்னின்னார் ஆகார் என்று நீண்டதொரு பட்டியலையும் அது தருகின்றது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகான். அவனுடைய உறவினரும் ஆகார். தகாதோரைக் களைந்த பின்னரே எஞ்சியோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர்.

கணினித் திரையின் தோற்றத்தை மாற்ற விழையும் மாணவர் பலர் இம்முறையைத் தலைகீழாகக் கைக்கொள்கின்றனர். முதலில் கண்ணைக் கவரும் படத்தைப் பார்க்கின்றனர். உடனே அம்மென்பொருளை நிறுவுகின்றனர். கணினி தளர்ந்து நின்ற பின்னரே அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வினவுகின்றனர். குடத்தில் கையை விட்ட பின் தகுதி ஆராய்வது போன்றது இது.

சாளரம் என்பது யாது? கணினியில் ஒரு நிரலை இயக்குங்கால் திரையில் தோன்றும் கட்டமே சாளரம் எனப்படும். வீட்டுச் சாளரத்திற்குச் சட்டமும் கதவும் இருத்தல் போல, இதற்கும் தலைப்புப் பட்டை, ஓரம், மூடுதற்கும் சுருக்குதற்குமான பொத்தான்கள் ஆகியவை உண்டு. உள்ளே தோன்றும் எழுத்தையும் படத்தையும் அந்தந்த நிரலே வரையும். வெளிச் சட்டத்தையோ பெரும்பாலும் சாளர மேலாளர் எனப்படும் வேறொரு நிரல் வரையும். உள்ளிருப்பதைத் தொடாமலே சட்டத்திற்கு வேறு வண்ணமும் வடிவும் தருதல் இதனால் எளிதாகின்றது.

1985ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் விண்டோஸ் பதிப்பில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியமாட்டா. தளத்தில் பாவிய கற்கள் போல அருகருகே நிற்கும். 1987இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் அவை ஒன்றை ஒன்று மறைக்கலாயின. லினக்ஸ் உலகிலோ ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு கோலம் பூண்டு நின்றது. இக்குழப்பத்தைக் கண்டு வருந்திய மத்தியாசு எட்ரிச் என்னும் செருமானிய மாணவர், அனைத்தும் ஒரே சீராய் அமைந்த திரைச்சூழல் வேண்டுமென்று 1996இல் கே.டி.இ. என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு குனோம் தோன்றியது. எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய சூழலும் 1996ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது.

தமிழகச் சிற்றூர் மாணவர் பலர்க்குத் தமக்கெனக் கணினி கிடைத்தது, 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினாலேயாம். அதன்வழி வந்த கணினிகள் பலவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்சை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கென உருவாக்கியது.

விண்டோசில் தோற்றத்தை மாற்றும் வழிகள் மூன்று. அமைப்புகள் பகுதியில் இயல்பாகவே உள்ள வண்ணம், பின்னணி, எழுத்தளவு முதலியவற்றை மாற்றுதல் முதல் வழி. இதனால் கேடு ஒன்றும் இல்லை. (விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் என்னும் மலிவுப் பதிப்பில் பின்னணிப் படத்தை மாற்றும் வசதிகூட மறுக்கப்பட்டிருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.) விண்டோபிளைண்ட்ஸ் போன்ற நிரலை நிறுவி, அது தானே சட்டத்தை வரையுமாறு செய்தல் இரண்டாம் வழி. இதற்கு விலை உண்டு. அந்நிரல் கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தையும் எப்போதும் பற்றிக்கொண்டிருக்கும். மூன்றாம் வழியே அஞ்சத் தக்கது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் ஒப்பமிடாத தோற்றக் கோப்புகளை விண்டோஸ் ஏற்பதில்லை. அத்தடையை நீக்கும்பொருட்டுச் சிலர் விண்டோசின் உள்ளுறுப்பான கோப்புகளையே திருத்துவர். பின்னர் ஒருநாள் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது திருத்திய கோப்பும் புதிய கோப்பும் பொருந்தாமல் போகக்கூடும். அந்நிலையில் திரை வெறுமையாய் நிற்பதும் உண்டு. பலர் பயன்படுத்தும் பள்ளிக் கணினியில் இம்மூன்றாம் வழியை எண்ணிப் பார்ப்பதும் தகாது.

லினக்சில் இத்தகைய தடை இல்லை. எக்ஸ்.எஃப்.சி.இ. சூழலில் ஒருவர் தம் கணக்கிற்குரிய கோப்புறையில் தோற்றக் கோப்புகளை இட்டால் அவருடைய திரை மட்டுமே மாறும். அக்கோப்புறையை நீக்கி, பழைய தோற்றத்தை மீண்டும் தெரிந்தெடுத்தால் முன்னைய நிலை வரும். எனினும் லினக்சில் தீங்கே நேராது என்று கருதுவதும் பிழையாம். 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கே.டி.இ. பயன்படுத்துவார் ஒருவர், அத்திட்டத்தாரின் இணையக் களஞ்சியத்திலிருந்து ஒரு தோற்றத் தொகுதியை எடுத்து நிறுவினார். அதனுள் இருந்த கட்டளை வரிகள் அவருடைய கோப்புகளை அழித்துவிட்டன. ஆக்கியோன் தீங்கு நினைந்து செய்ததாகத் தெரியவில்லை. தோற்றத் தொகுதி என்பது வண்ணமும் படமும் மட்டும் அன்று, இயங்கும் நிரலையும் உள்ளடக்கக்கூடும் என்பதைப் பயனர் பலர் அறிந்திலர். கே.டி.இ. திட்டத்தாரே இதனை ஒப்புக்கொண்டு எச்சரிக்கை விடுத்தனர்.

இத்தொகுதியை ஆங்கிலச் சொல்லால் 'தீம்' என்று வழங்குகின்றனர். தமிழில் தீம் என்பது இனிமையைக் குறிக்கும். தீம்பால் என்பது காண்க. அதனோடு இரண்டாம் வேற்றுமை உருபு புணர்ந்தால் 'தீமை' என நிற்கும். மார்ச்சுத் திங்களில் அவர் நிறுவியது எது என்பதை இலக்கணம் அறிந்தோர் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே, கணக்குக் காட்டாதவன் ஆகான் என்னும் உத்திரமேரூர் விதி இங்கும் பொருந்தும். ஆக்கியோர் யாவர் என்று தெரியாத மென்பொருள், பல ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடப்பது, விலையுள்ளதைப் பூட்டுடைத்து இலவசமாகத் தருவது, தோற்றத்தை மாற்றுதற்கு வேண்டாத கடவுச்சொல்லைக் கேட்பது ஆகியவற்றை முதலிலேயே களைதல் வேண்டும். எஞ்சியவற்றுள் எதை எடுப்பினும் பெருங்கேடு விளைவது அரிது. அவரவர் விருப்பம் போல் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் மாணவர் கூடுதலாக ஆராய வேண்டுவது எழுத்து. தோற்றத் தொகுதிகளுள் மிகப் பல ஆங்கில எழுத்தின் உயரத்தை மனத்திற் கொண்டு வரையப்பட்டவை. தமிழெழுத்தோ மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உடையது. தலைப்புப் பட்டை குறுகியிருப்பின் மேலும் கீழும் வெட்டுண்டு போகும். புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். 'பல்' என்ற கோப்பின் பெயர் 'பல' என்று நிற்கும். பல் மருத்துவக் குறிப்பைத் தேடுவோன் என் செய்வான்? புதிய தோற்றத்தை இட்டவுடன் 'பல்', 'வீடு', 'கூற்று' என்னும் பெயர்களில் மூன்று கோப்புகளை ஆக்கித் திறந்து, தலைப்புப் பட்டையை நோக்கினால் குறை உண்டாயின் வெளிப்பட்டுவிடும்.

கண்பார்வை குன்றியோர்க்குத் தோற்ற மாற்றம் அழகுப் பொருள் அன்று. படிப்பதற்கே அது வேண்டும். கரிய பின்னணியில் வெள்ளை எழுத்துக் காட்டும் தோற்றங்களை விண்டோசும் லினக்சும் தம்மகத்தே கொண்டுள்ளன. இதற்கெனப் புறத்தேயிருந்து ஒன்றையும் நிறுவ வேண்டுவதில்லை.

விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்கும் வலிமையற்ற பழங்கணினிகள் பல ஊர்களில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய சூழலை அமைத்தால் வேலை தடையின்றி நடக்கும். அதன்மேல் நிழலும் ஒளியும் ஆடும் அணிகளை ஏற்றாமல், கண்ணுக்கு இதமான ஒரு நிறமும் தமிழெழுத்து முழுதும் தெரியும் அகன்ற தலைப்புப் பட்டையும் அமைப்பது நன்று. மாற்றுமுன் கோப்புகளைப் படியெடுத்து ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்வது கால் மணி நேர வேலை.