ரயில் சந்திப்பும் குறியீட்டு மொழிகளின் கலப்பும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியிலுள்ள பாலிகஞ்ச், சியால்டா நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில் ஒரு சந்திப்பாகும். இங்கு ஒரு கிளை பிரிந்து டாலிகஞ்ச், மாஜேர்ஹாட் வழியாக ஹூக்ளி நதிக்கரையிலுள்ள பஜ்பஜ்ஜுக்குச் செல்கிறது. மற்றொரு பாதை டாகுரியா, ஜாதவ்பூர் வழியாகச் சோனார்பூரை அடைகிறது. சியால்டாவுக்குத் திரும்பும் வண்டிகள் இச்சந்திப்பில் ஒன்றுசேர்கின்றன.

அவை யாவும் இங்கிருந்து ஒரே தண்டவாளத்தில் செல்வதாகவும், ஒரே பாதையில் வரும் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை எனவும் கொள்வோமாயின், ஓர் எளிய நியதி புலப்படும். பஜ்பஜ் வண்டிகள் தமக்குள் வந்த வரிசையிலேயே செல்லும். சோனார்பூர் வண்டிகளும் அவ்வாறே. ஆனால் ஒரு பாதையின் வண்டிகளுக்கு இடையே மற்றப் பாதையின் வண்டிகள் எவ்விடத்திலும் புகலாம். சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பகுதிகளையும் ஒன்றினுள் ஒன்றாக உதிர்த்துக் கலைப்பதும் இதுவே. கணிப்பொறி விஞ்ஞானத்தில் இச்செயலுக்குக் கலைப்பு அல்லது இடைக்கலப்பு என்று பெயர் வழங்கலாம். 1953இல் சாமுவேல் ஐலன்பர்க், சாண்டர்ஸ் மக்லேன் என்னும் கணித அறிஞர்கள் இடவியல் ஆராய்ச்சியில் இத்தகைய பெருக்கத்தைக் கையாண்டனர். பின்னர் அது குறியீட்டு மொழிகளின் ஆராய்ச்சியிலும் இடம்பெற்றது. குறிப்பிட்ட விதிக்கு உட்பட்ட குறியீட்டு வரிசைகளின் தொகுதியே இங்கு மொழி எனப்படுகிறது.

ஆறு வரிசைகளில் நான்கு பிழை

ஒவ்வொரு பாதையிலும் 2 வண்டிகள் இருப்பின், அவை கலப்பதற்கு 6 வழிகள் உண்டு. பத்துப் பத்து வண்டிகளாயின் வழிகள் 1,84,756 ஆகும்.

பாலிகஞ்சுக்குத் தெற்கே இரண்டாவது நிலையமான ஜாதவ்பூரில், அவ்வூர்ப் பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஐ.எஸ்.ஐ.ஜே.யூ.-1 என்னும் கணிப்பொறி 1966இல் இயங்கத் தொடங்கியது. அக்காலத்துக் கணிப்பொறிகள் பெரும்பாலும் ஒரு வேலையை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்கின. இன்றைய கணிப்பொறிகளிலோ பல வேலைகள் ஒன்றுடன் ஒன்று கலந்தே நடைபெறுகின்றன. ஆகவே இடைக்கலப்பு வெறும் கணித விநோதமன்று.

ஒரு வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் இருப்பதாகக் கொள்க. ஓர் அலுவலகம் 100 ரூபாயும், மற்றொன்று 200 ரூபாயும் அதே வேளையில் வரவு வைக்கின்றன. ஒவ்வொன்றும் முதலில் இருப்பைப் படிக்க வேண்டும். பின்னர்ப் புதிய தொகையை எழுத வேண்டும். இவ்விரண்டு செயல்களும் கலக்கும் வழிகள் 6. அவற்றுள் ஒன்று முற்றும் முடிந்தபின் மற்றது தொடங்கும் 2 வழிகளில் மட்டுமே இருப்பு 1,300 ரூபாய் ஆகும். எஞ்சிய 4 வழிகளிலும் இருவரும் பழைய இருப்பையே படித்துவிடுவதால், இறுதித் தொகை 1,100 அல்லது 1,200 ஆகிவிடும். செலுத்திய பணம் கணக்கிலிருந்து மறைந்துபோகும்! எல்லாப் படிகளும் தனித்தனியே சரியாயினும், கலந்த முறையே பிழையை விளைவிக்கிறது.

ஆதலின், எந்தக் கலப்புக்கு இடமளிப்பது என்பதை வரையறுக்க வேண்டியுள்ளது. சந்திப்பில் சைகை காட்டுபவர், "இப்போது இப்பாதை, அடுத்து அப்பாதை" என ஒரு வரிசையைத் தீர்மானிப்பது போன்றதே இது. அலெக்சாண்டரு மாதேஸ்கு, கிரேகார்ஸ் ரோசன்பர்க், ஆர்ட்டோ சலோமா ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய வரிசைகளையே ஒரு மொழியாகக் கொண்டு கலப்பைக் கட்டுப்படுத்தும் முறையை விளக்கினர். கணிப்பொறியில் இப்பணியைச் செய்யும் ஏற்பாடுகளுள் ஒன்று பூட்டு எனப்படும். ஒரு வேலை கணக்கைப் பூட்டிக்கொண்டால், அது விடுவிக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும்.

நினைவாற்றலின் எல்லை

கலந்த வரிசையைச் சரிபார்க்க எவ்வளவு நினைவாற்றல் வேண்டும்? ஒரு பாதையின் விதியை 3 நிலைகளும், மற்றதன் விதியை 4 நிலைகளும் கொண்ட எளிய யந்திரங்கள் சோதிக்குமாயின், கலப்பைச் சோதிக்க 12 நிலைகள் போதும். எந்த வண்டி எப்பாதையைச் சேர்ந்தது என அறிய முடியாவிடில், ஒத்துவரும் எல்லா நிலைகளையும் ஒருசேர நினைவில் வைக்க வேண்டும். அப்போதும் தேவையானவை அதிகபட்சம் 4,096 நிலைகளே. அதுவும் வரம்புக்கு உட்பட்டதே. ஒழுங்கு மொழிகள் எனப்படும் எளிய வகை, கலந்த பின்னும் எளியதாகவே இருக்கும் என்பது இதன் பொருள்.

சற்றுச் சிக்கலான மொழிகளில் இந்நிலை மாறுகிறது. சில "அ"க்களுக்குப் பின் அதே எண்ணிக்கையில் "ஆ"க்கள் வரவேண்டும் என்னும் விதியைச் சோதிக்க, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளை அடுக்கி மேலிருந்து எடுப்பது போன்ற ஒரு நினைவகம் போதும். "இ", "ஈ" என்பவற்றுக்கும் அதே விதி உண்டெனில், அவற்றைத் தனியே சோதிக்கவும் ஓர் அடுக்கு போதும். ஆனால் இரண்டும் கலந்து "அ", "இ", "ஆ", "ஈ" என்ற முறையில் வந்தால், "அ"வின் தட்டுகள் "இ"யின் தட்டுகளுக்கு அடியில் அகப்பட்டுக்கொள்ளும். ஓர் அடுக்கு அங்குப் பயன்படாது.

பிரித்தறிதல்

இரு பட்டியல்களும் தெரிந்திருந்து, கலந்த வரிசை அவற்றால் ஆனதா எனக் கேட்டால், விடை எளிது. பத்துப் பத்து வண்டிகளாயின், 1,84,756 வழிகளையும் ஆராய வேண்டுவதில்லை; 121 கட்டங்களைக் கொண்ட ஓர் அட்டவணையை நிரப்பினால் போதும். ஆனால் பட்டியல் தெரியாத நிலையில், "இவ்வரிசை ஒரே பட்டியலின் இரு பிரதிகளைக் கலந்ததா?" என்று மட்டும் கேட்டால், வினா மிகக் கடினமாகிவிடும். இது விரைவான பொதுவழி எதுவும் கண்டறியப்படாத பெருங்கடினக் கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்பதை, சாமுவேல் பஸ், மைக்கேல் சோல்டிஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது.

கலப்பது எளிது, கலந்ததைப் பிரித்தறிவது அரிது. எனவே பிழை நேர்ந்தபின் அதன் காரணத்தைத் தேடுவதைவிட, தீங்கான கலப்பு நிகழாவண்ணம் முன்கூட்டியே வரையறுப்பதே சிறந்தது. வங்கிகளும் ரயில்வேக்களும் கணிப்பொறிகளை நம்பி இயங்கும் இந்நாளில், இவ்வாராய்ச்சியின் பயன் பொதுமக்கள் அனைவரையும் சார்ந்ததாகும்.