ஒரே பெயர், ஏழு பிறவி

கோடை விடுமுறைக்குப் புனேயிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். அவன் கொண்டுவந்த பெட்டியில் துணிமணிகளைவிடப் பொம்மைக் கார்களே அதிகம். ஒருநாள் மத்தியானம் கூடத்தில் ஏழு கார்களை வரிசையாக நிறுத்தி, "தாத்தா, இது ஏழும் ஒரே கார்தான். ஃபோர்டு மஸ்டாங்" என்றான்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று பெட்டி மாதிரி, இன்னொன்று தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி. "ஜாடையே ஒத்துப் போகலையேடா!" என்றேன்.

"அதான் தாத்தா, நீங்க இன்ஜினியராச்சே, சொல்லுங்க. எல்லாம் மாறிப்போச்சு, அப்புறம் ஏன் அதே பேரு?"

கல்கத்தாக்காரனுக்கு இதற்குப் பதிலா தெரியாது? "நம்ம ஹவுரா - சென்னை மெயிலை எடுத்துக்கோ. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரம் வந்தது. மரப்பெட்டி போய் இரும்புப் பெட்டி வந்தது. இன்னும் மெயில்தானே?" என்றேன்.

பையன் விடவில்லை. "மெயில் ஹவுராவிலேர்ந்து சென்னைக்குத்தான் போகும். கார் எங்கே வேணா போகுமே. எதை வச்சு அதே கார்னு சொல்றது?"

ரயில்வேப் பணிமனையில் 38 வருஷம் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் நான். ஆனால் அந்த நிமிஷத்தில் பதில் வரவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், 2018-ல் அமெரிக்கா போயிருந்தபோது கண்ணால் பார்த்ததையும் சேர்த்து அவனுக்குச் சொன்னேன். அதையே சங்க அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

பிறந்த கதை

1960-களின் தொடக்கம். உலக யுத்தம் முடிந்தபின் பிறந்த அமெரிக்கக் குழந்தைகள் கார் ஓட்டும் வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓட்டும் கப்பல் மாதிரியான கார் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பணமில்லை. ஃபோர்டு பிரிவின் தலைவராக இருந்த லீ அயகோக்கா இதைக் கவனித்தார். அந்தக் கம்பெனி அதற்குச் சில வருஷங்கள் முன்புதான் 'எட்ஸல்' என்ற காரை வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆகவே புதிதாகப் பெரிய முதலீடு செய்ய மேலிடம் தயங்கியது.

அயகோக்காவும் அவருடைய சகாக்களும் செய்த யுக்தி எந்தப் பணிமனைக்காரனுக்கும் பிடிக்கும். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த 'ஃபால்கன்' என்ற சாதாரணக் காரின் அடித்தளம், எஞ்சின், கியர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மேலே புதிய உடம்பு கட்டினார்கள். முன்மூக்கு நீளம், பின்பகுதி குட்டை, கதவு இரண்டு, இருக்கை நான்கு. எஞ்சின் முன்னே, ஆனால் இழுவை பின் சக்கரத்துக்கு. கிரில்லின் நடுவே பாய்ந்தோடும் குதிரைச் சின்னம்.

1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் பதிவு செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் விற்றால் போதும் என்று நினைத்தவர்களுக்கு முதல் வருஷமே நான்கு லட்சத்தைத் தாண்டியது. இரண்டு வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம்.

இதில் ஒரு வேடிக்கை. வரிசை எண் ஒன்று கொண்ட வெள்ளை நிறத் திறந்த வண்டி, காட்சிக்காகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போயிருந்தது. அங்கே ஸ்டான்லி டக்கர் என்ற விமானி அதை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்! திரும்பக் கேட்டதற்குத் தர மறுத்தார். 1966-ல் புத்தம்புது மஸ்டாங் ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்துத்தான் கம்பெனி அதை மீட்டது. டெட்ராய்ட் அருகே டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் அது இருக்கிறது. மகன் அப்போது அந்தப் பக்கம் வேலையாக இருந்ததால் நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். நான் குனிந்து அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்குச் சங்கடம்.

உடம்பு பெருத்ததும் இளைத்ததும்

ரயில் பெட்டியானாலும் காரானாலும் நான் முதலில் பார்ப்பது வீல் பேஸ். காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி அது. மஸ்டாங்கின் முழுச் சரித்திரமும் இந்த ஓர் அளவில் அடங்கும்.

1964-ல் அது 108 அங்குலம். வெற்றி வந்தால் எல்லோருக்கும் ஆசை வருமே! பெரிய எஞ்சின் வேண்டும் என்றார்கள். பெரிய எஞ்சினுக்கு அகலமான உடம்பு வேண்டும், அதைத் தாங்க அதிக இரும்பு வேண்டும். 1967-ல் கொஞ்சம், 1969-ல் கொஞ்சம் என்று பெருத்து, 1971-ல் வீல் பேஸ் 109 அங்குலமாகி, எடையும் பல நூறு பவுண்டு ஏறிவிட்டது. 1966-ல் ஆறு லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, 1972-ல் ஒன்றேகால் லட்சம்தான் விற்றது.

இரண்டாம் பிறவி 1973 செப்டம்பரில், 1974 மாடலாக வந்தது. வீல் பேஸ் 96.2 அங்குலம். முந்தைய வண்டியைவிட மொத்த நீளத்தில் ஒன்றரை அடி குறைவு. முதல் வருஷம் வி-8 எஞ்சினே கிடையாது. ரசிகர்கள் இன்றுவரை இதைக் கேலி செய்கிறார்கள். ஆனால் அடுத்த மாதமே, 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. அந்த மாடல் வருஷத்தில் இந்தக் குட்டை வண்டி 3,85,000-க்கு மேல் விற்றது! பெரிய உடம்போடு அந்தப் பஞ்சத்தில் மாட்டியிருந்தால் மஸ்டாங் அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் பிறவி 1979-ல். வீல் பேஸ் 100.4 அங்குலம். பெட்டி போன்ற எளிய உருவம், குறைந்த எடை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் எண்ணெய்ப் பஞ்சமும் எஞ்சின்களை எவ்வளவு தளர்த்தின என்றால், 1980-ல் வந்த 4.2 லிட்டர் வி-8, 120 குதிரைச் சக்தியைக்கூட எட்டவில்லை. 1982-ல் 5 லிட்டர் எஞ்சின் திரும்பி வந்ததும் மறுபடி உயிர் வந்தது. கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸே இதை வாங்கிற்று. இந்தப் பிறவி 1993 வரை நீடித்தது. ஒரு விஷயத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிறவியின் பெரும்பாலான வண்டிகளில் கிரில்லின் நடுவே குதிரை இல்லை.

பெயர் போகவிருந்த சமயம்

1980-களின் நடுவில் உலகமே முன் சக்கர இழுவைக்கு மாறிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தையே சுழலவிட்டால், நடுவில் நீண்ட தண்டு வேண்டாம். இடம் மிச்சம், எடை மிச்சம், செலவும் மிச்சம். குடும்பக் காருக்கு மிக நல்ல ஏற்பாடு. ஜப்பானின் மாஸ்டாவோடு சேர்ந்து இப்படியொரு காரைத் தயாரித்து, அதற்கு மஸ்டாங் என்று பெயர் வைக்க ஃபோர்டு திட்டமிட்டது.

இதில் என்ன தவறு? வண்டி வேகமெடுக்கும்போது எடை பின்னுக்குச் சாயும். ரயில் எஞ்சினிலும் இப்படித்தான்: கனமான சரக்கு வண்டியை இழுக்கத் தொடங்கும்போது முன் அச்சில் பாரம் குறைந்து பின் அச்சில் கூடும். பாரம் குறைந்த சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். ஆகவே அதிக சக்தியுள்ள காருக்குப் பின் சக்கர இழுவையே பொருத்தம். முன் சக்கரமோ திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு டியூட்டி.

1987-ல் செய்தி வெளியே கசிந்தது. கம்பெனிக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் அந்தப் புதிய கார் 'ப்ரோப்' என்ற வேறு பெயரில் 1988-ல் வெளிவந்தது. பழைய மஸ்டாங் பிழைத்துக்கொண்டது. ப்ரோப் 1997-ல் நின்றுபோயிற்று. இதில் பெரிய விசித்திரம், ப்ரோப்பைச் செய்வதற்காக மிச்சிகனில் ஃபிளாட் ராக் என்ற ஊரில் எழுப்பிய அதே தொழிற்சாலைக்கு, 2004-ல் மஸ்டாங் குடியேறியது. இவனை வெளியேற்ற வந்தவன் வீட்டில் இவன் குடித்தனம்!

திரும்பி வந்த அளவு

1994-ல் நான்காம் பிறவி. 101.3 அங்குலம். குதிரை கிரில்லுக்குத் திரும்பியது. 2005-ல் ஐந்தாம் பிறவி, முதன்முறையாகப் பெரும்பாலும் தனக்கென்றே அமைந்த அடித்தளம், 1960-களின் சாயலில் உருவம். வீல் பேஸ் 107.1. நாற்பது வருஷம் சுற்றிவிட்டுக் கிட்டத்தட்டப் பிறந்த அளவுக்கே வந்து சேர்ந்தது.

அதுவரை பெரும்பாலான மஸ்டாங்குகளில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே கட்டை அச்சில் இணைந்திருந்தன. பலம் அதிகம், விலை குறைவு. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். 2015-ல் வந்த ஆறாம் பிறவியில் எல்லா வண்டிகளுக்கும் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் வந்தது. வலதுபக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலேயே தயாரானதும் இதில்தான். அதனால்தான் 2016-ல் இந்தியாவுக்கும் வந்தது, டில்லி ஷோரூம் விலை 65 லட்ச ரூபாய். சென்னைக்கு அருகே மறைமலை நகரில் 2022 வரை கார் செய்த ஃபோர்டு ஆலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கப்பலில் வந்த வண்டி.

2018-ல் வட அமெரிக்காவில் மற்ற சாதாரணக் கார்களையெல்லாம் படிப்படியாக நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தபோது, மஸ்டாங்கை மட்டும் வைத்துக்கொண்டது. அதே வருஷம் ஒரு கோடியாவது மஸ்டாங் வெளிவந்தது. 2022 செப்டம்பரில் டெட்ராய்டில் ஏழாம் பிறவி அறிமுகமாயிற்று. 2024 மாடலில் வி-8 எஞ்சினின் சக்தி 480 குதிரைச் சக்தி. 1964-ன் அடிப்படை எஞ்சினுக்கு 101தான்.

இதற்கிடையில் 2019-ல் 'மஸ்டாங் மாக்-இ' என்ற மின்சார வண்டியையும் அறிவித்தார்கள். நான்கு கதவு, குடும்பமாகப் போகிற உயரமான வண்டி. முன்னே குதிரைச் சின்னம் இருக்கிறது. அது மஸ்டாங்தானா என்று அமெரிக்காவில் இன்னும் சண்டை ஓயவில்லை.

பேரனுக்குச் சொன்ன பதில்

"இப்போ நீயே சொல்லு. கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம் கிரில்லில் குதிரை இல்லை. மஸ்டாங் இல்லேன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"குதிரையை ஒட்டி முன் சக்கர வண்டியை விக்கப் பார்த்தாங்க. ஒத்துக்கிட்டாங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ வெளியே ஒட்டற பொம்மை முக்கியமில்லை தாத்தா. எந்தச் சக்கரம் தள்ளுதோ அதுதான் முக்கியம்" என்றான். எனக்கு இதைவிட நன்றாகச் சொல்ல வராது.

இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி இரண்டு கூட்டங்களாக விவாதம் நடக்கிறது. பழைய பாடப்புத்தகத்தை மாற்றக்கூடாது என்று என் வயதுக்காரர்கள் சிலர் சொல்கிறோம். வகுப்பே வேண்டாம், ஆண்டு விழாவில் குழந்தைகள் வேஷ்டி, பாவாடை கட்டி மேடையேறினால் போதும் என்கிறார்கள் இளைய பெற்றோர் சிலர். முதல் கட்சியில் நானும் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது: புத்தகத்தை மாற்றலாம், கிழமையை மாற்றலாம், கரும்பலகைக்குப் பதில் கம்ப்யூட்டர் வைக்கலாம். ஆனால் வீட்டுக்குள் குழந்தையோடு பேசுகிற பேச்சு தமிழாக இருக்க வேண்டும். வேஷ்டி கிரில்லில் இருக்கும் குதிரை. பேச்சுதான் பின் சக்கரம்.

அடுத்த கூட்டத்துக்குப் பெற்றோர்கள் தவறாமல் வரவேண்டும். பேரன் விட்டுச்சென்ற ஏழு கார்களையும் கொண்டுவருகிறேன்.